எல்லைக்கல்லுக்கு அப்பால்

ஆலப்பாக்கம் தாண்டி
இருநூற்று மூன்றாம் கல், ஏழாவது கம்பம்.
சரளைக்கல் சரிவில் ஒரு கொடி.
ரிஜிஸ்டரில் அதன் பெயர் 'களை'.

செந்தட்டி என்பாள் அஞ்சலாட்சி.
சிறுகாஞ்சொறி என்பார்
பரங்கிப்பேட்டையிலிருந்து வரும் ஷேக் மதார்.
நான் கேங் மேஸ்திரி.
முதல் நாள் முழங்கையில் பட்டபோது
நான் வைத்த பெயரை
இங்கே எழுத முடியாது.

துளசிக்குத் தூரத்து உறவுபோல முகம்.
கிட்டப் போனால்தான் தெரியும்
இலையெல்லாம் மயிர், தண்டெல்லாம் மயிர்,
மூன்றாய்ப் பிளவுபட்ட குட்டிக் காயிலும்
குத்துவதற்கென்றே வளர்த்த மயிர்.
உப்பனாற்றுக் காற்றில்
மற்றதெல்லாம் கருகிக் கிடக்க
இது மட்டும் பச்சையாய்,
யாரையோ எதிர்பார்த்து.

அஞ்சலாட்சி நேற்றைய பேப்பரைக்
கையில் சுற்றிக்கொள்வாள்.
கடப்பாரை நுனியால் மண்ணைக் கிண்டி
வேரை மட்டும் எடுப்பாள்,
கொடியைத் திரும்ப நட்டதுபோல் மூடிவிட்டு.
வீட்டில் தனவேல் இருமிக்கொண்டிருப்பான்.
சாயக் கம்பெனியில் ஏழு வருஷம்
மூட்டை பிரித்த நெஞ்சு.

வேரை இடித்து, நாலு டம்ளர் தண்ணீர்
ஒரு டம்ளராய்ச் சுண்டும்வரை காய்ச்சி
மிளகு நாலு, பனைவெல்லம் கொஞ்சம்.
"தொட்டா சொறியும்,
வெந்தா கபத்தைக் கரைக்கும்.
கோவமெல்லாம் பச்சையில தாங்க."

அப்படியானால் ஆஸ்பத்திரி எதற்கு,
மஞ்சக்குப்பத்தில் விடியலில் போய்
சீட்டு வாங்கி நிற்பது எதற்கு என்றேன்.
"மாத்திரையும் நிறுத்தல. வேரும் நிறுத்தல.
எது கேக்குதுன்னு
இருமலையே கேளுங்க மேஸ்திரி."

மாசியில் திருச்சியிலிருந்து
டிராலியில் வந்து இறங்கினார் அதிகாரி.
இதை மட்டும் ஏன் விட்டுவைத்தீர்கள்?
நாங்கள் மூன்று பேரும்
மூன்று திசையில் பார்த்தோம்.
வேலை எப்படிச் செய்வதென்று காட்டுகிறேன் என
குனிந்து, வெறுங்கையால்,
ஒரே பிடி.

முதலில் சிரித்தார்.
பிறகு மோதிரத்தைக் கழற்றினார்.
பிறகு வாட்ச்.
"தண்ணி ஊத்தாதீங்க, சொறியாதீங்க" என்று ஓடிய அஞ்சலாட்சி
மேய்ந்துகொண்டிருந்த பசுவுக்குப் பின்னால் போய்
பச்சைச் சாணியோடு வந்தாள்.
மணிக்கட்டு வரை பூசினாள்.
மயிலாடுதுறை பாசஞ்சர் கடந்தது.
ஜன்னலோரம் இருந்தவர்கள்
நல்ல கைகுலுக்கலைப் பார்த்திருப்பார்கள்.

ஆணை வந்தது:
வெள்ளிக்கிழமைக்குள் மருந்து தெளிக்கவும்.
நீலக் கேனில் அனுப்பிய விஷத்துக்கும்
மருந்து என்றுதான் பெயர்.

அஞ்சலாட்சி ஒன்றும் கேட்கவில்லை.
கேனைப் பார்த்தாள்,
கம்பத்தைப் பார்த்தாள்,
டிபன் டப்பாவைக் கழுவப் போனாள்.

வியாழன் சாயங்காலம் எல்லாரும் போனபின்
நான் மட்டும் நின்றேன்.
பேப்பர் கொண்டுவர மறந்திருந்தேன்.
ரெண்டு கொடியை வேரோடு, மண்ணோடு பெயர்த்து
ரயில்வே எல்லைக்கல்லுக்கு அந்தப்புறம்
யாருடையதென்று தெரியாத ஒற்றைப் பனையடியில்
ஊன்றிவிட்டு வந்தேன்.
தண்ணீர் பாட்டிலில் மிச்சமிருந்ததை ஊற்றினேன்.
இருட்டில் பசு எதுவும் கண்ணில் படவில்லை.

ராத்திரி பூரா
விரல் பத்தும் தனித்தனியாய் விழித்திருந்தன.
பாவம் அந்தத் திருச்சி மனிதர் என்று
முதல் முறையாக நினைத்தேன்.

மறுநாள் மாலை, இடது கையால்,
கோணல் எழுத்தில்:
'203/7. களை அகற்றப்பட்டது.'
எங்கே அகற்றப்பட்டது என்பதற்கு
அந்தப் புத்தகத்தில் கட்டம் இல்லை.

ஒரு கொடி பட்டுப்போனது.
இன்னொன்று பனையின் சொரசொரப்பைப் பிடித்து
முழங்கால் உயரம் ஏறியிருக்கிறது.
அவளிடம் நான் சொல்லவில்லை.
ஆனால் அதன் அடிமண்
கிண்டி மூடியிருக்கிறது, ஈரமாய்.

தனவேல் இன்னும் இருமுகிறான்.
முன்னைக்குத் தேவலை என்கிறாள்.
நான் எண்ணிப் பார்த்ததில்லை.
வேர்க்கும்போது மட்டும்
வலதுகைச் சுண்டுவிரல்
எதையோ ஞாபகம் வந்ததுபோல்
ஒருமுறை அரிக்கும்.